சனிக்கிழமை சொல்கிறேன்

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா பையன் போன் செய்தான். அந்த நேரத்தில் அவன் கூப்பிட்டால் வண்டி எங்காவது நின்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் பனியன் கம்பெனியில் ஏதோ ஆகியிருக்க வேண்டும். வண்டி நன்றாகத்தான் இருந்தது.

"மாமா, அமெரிக்கா ஆர்டர் பூராவும் நின்னுபோச்சு. நூத்தி நாப்பது பேர் இருக்காங்க. யாரை வெச்சுக்கறது, யாரை அனுப்பறதுன்னு தெரியலைங்க மாமா. கொரோனா அப்ப நீங்க என்னதான் பண்ணுனீங்க?"

2025 ஆகஸ்ட் 7-ஆம் தேதி 25 சதவீதம், 27-ஆம் தேதி இன்னொரு 25, ஆக மொத்தம் 50 சதவீதக் கூடுதல் வரி அமெரிக்காவில் இந்தியத் துணிக்கு அப்போது விழுந்தது. திருப்பூரிலிருந்து போகும் சரக்கில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான். அவன் கம்பெனி மாதிரி அமெரிக்காவில் வாங்குகிற ஒரே பையரை நம்பியிருந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கெல்லாம் கிடையாது, முழுசும் போச்சு. அவன் அப்பா ஓய்வுக்குப் போய் இரண்டு வருஷம்தான் ஆகிறது. முப்பத்திரண்டு வயசில் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு இது முதல் அடி.

போனில் அரை மணி நேரம் பேசினேன். ஆள்களைக் கூட வைத்துக்கொள், உண்மையைச் சொல், அது இது என்று. வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. நாங்கள் செய்ததைச் சொன்னேன், செய்யாமல் விட்டதைச் சொல்லவில்லை. எல்லாம் சரியாகச் செய்த மாதிரி பேசிவிட்டேன். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன், அவன் படிக்கட்டும், உங்களுக்கும் உபயோகப்பட்டால் சரி.

திருப்பூரில் நான் பார்த்த வேலைக்குப் பெயர் ஹெச்.ஆர். மேனேஜர். பெயர்தான் அப்படி. ஹாஸ்டலில் மோட்டார் ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் தேடுவார்கள், ஆடிட்டுக்கு வெள்ளைக்காரர் வந்தாலும் நான்தான், யாராவது பொண்ணு மெஷினில் விரலைக் குத்திக்கொண்டால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் நான்தான். அதற்கு முன்னால் ஒரு சாயப்பட்டறையில் ஆள்களின் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீஸ் வேலை. என் பாடம் அங்கேதான் ஆரம்பித்தது, தப்பான பாடம்.

2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். நொய்யல் கரை விவசாயிகளின் பக்கம் நியாயம் இருந்தது, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைப் பார்த்தவர்கள் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள், அது வேறு கதை. நான் சொல்ல வருவது எங்கள் பட்டறைக்குள் நடந்தது. முதலாளி நல்ல மனுஷன். மறுநாள் எல்லோரையும் வின்ச் மெஷின் பக்கத்தில் நிற்க வைத்து, "ஒரு வாரம் பொறுங்க, தொறந்துரும்" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரமும். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு யாரோ சொன்ன நம்பிக்கையை எங்களுக்குத் தந்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வாரத்தை நம்பி ஆள்கள் வேறு வேலைக்குப் போகவில்லை. ஊருக்கும் போகவில்லை. வாடகையும் ஏறியது, கடையில் பற்றும் ஏறியது. மூன்றாவது மாதம் முதலாளியின் செல்போன் அணைந்துவிட்டது. இருபது வருஷம் சாயம் போட்ட ஒரு மாஸ்டர், துணியைக் கையால் தடவியே ஷேடு சொல்லக்கூடியவர், தள்ளுவண்டியில் பழம் விற்றதை நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதற்கு முந்தின நொடி நானும் திருப்பிக்கொண்டிருந்தேன்.

எங்களை முதல் வாரமே "ஆறு மாசம் ஆகும், எனக்கும் தெரியாது, வேற வழி பாருங்க, கணக்கை இன்னைக்கே முடிச்சுத் தர்றேன்" என்று அனுப்பியிருந்தால் அன்றைக்குத் திட்டியிருப்போம். ஆனால் பிழைத்திருப்போம்.

(இத்தனைக்கும் அந்த நெருக்கடியிலிருந்துதான் ஒரு புதுத் தொழிலறிவே இந்த ஊருக்கு வந்தது. கழிவில் இருக்கிற உப்புத் தண்ணீரைத் தெளிய வைத்து அதையே மறுபடி சாயத்துக்கு எடுப்பது. பிற்பாடு திறந்த பட்டறைகளில் மாஸ்டர்கள் அந்த உப்பின் அளவுக்கு ஏற்றபடி ரெசிப்பியை முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. மூடிக் கிடந்த மாதங்களில் அவர்களை யாராவது கூப்பிட்டு உட்கார வைத்து அதைச் சொல்லிக் கொடுத்தார்களா என்றால், எனக்குத் தெரிந்த பட்டறை எதிலும் இல்லை.)

அப்புறம் பனியன் கம்பெனி. இருநூற்று எண்பது பேர். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. நிட்டிங்கும் டையிங்கும் வெளியே. சனிக்கிழமைதோறும் சம்பளம், வாரத்துக்கு ஏழு லட்சத்தைத் தொடும்.

2020 மார்ச் இரண்டாவது வாரத்திலேயே வெளிநாட்டு பையர்களின் மெயில்கள் மாறத் தொடங்கின. முதலில் "கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்", அப்புறம் "தைத்ததை மட்டும் அனுப்புங்கள்", அப்புறம் "தைத்ததும் வேண்டாம்". பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டிகள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தன, ஐரோப்பாவின் வெயில் காலத்துக்கான டீ-சர்ட். அந்த வெயில் காலம் போனால் அது வெறும் துணி. 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. 23-ஆம் தேதி, மறுநாள் மாலை ஆறு மணியிலிருந்து தமிழ்நாடு முழுக்க 144 என்று அறிவிப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பேங்க்ல இருக்கறதை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு நாள் சம்பளமும் ஒரு வார அட்வான்ஸும் மத்தியானத்துக்குள்ள எல்லார் கையிலயும் போகோணும்."

"சனிக்கிழமை குடுத்துக்கலாங்க முதலாளி. இப்பக் குடுத்தா எல்லாரும் ஊருக்குக் கிளம்பிருவாங்க."

"கிளம்பட்டும். சனிக்கிழமைன்னு ஒண்ணு இருக்குமான்னு உனக்குத் தெரியுமா?"

அன்று ராத்திரி எட்டு மணிக்கு நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் டி.வி.யில் சொன்னபோது எனக்குக் காலையில் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. அந்த வாரம் சம்பளம் கொடுக்காமல் பூட்டிய கம்பெனிகளின் ஆள்கள் ஏப்ரல் முழுக்கத் தங்கள் சொந்தக் காசுக்காகவே போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை ஓர் ஆணை போட்டது, ஊரடங்கு நாள்களுக்கும் பிடித்தம் இல்லாமல் சம்பளம் தர வேண்டும் என்று. முதலாளி அதைப் படித்துவிட்டுச் சிரித்தார், கோபத்தில் வருகிற சிரிப்பு. "சரியாத்தான் சொல்லியிருக்காங்க. யார் காசுலன்னு மட்டும் எழுத மறந்துட்டாங்க." அந்த ஆணை மே நடுவில் முடிவுக்கு வந்தது, ஜூன் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. அதாவது ஆரம்பத்திலேயே நாங்கள் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது.

பேசித் தீர்ப்பதற்கு முதலில் பேச வேண்டுமே. வாட்ஸாப் குரூப்பில் என்னென்னவோ வந்துகொண்டிருந்தது. கம்பெனியை விற்கப் போகிறார்களாம், மெஷினை ராத்திரி லாரியில் ஏற்றினார்களாம். இதற்கெல்லாம் நான் ஒவ்வொன்றாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன், நீளநீளமாக. யாரும் நம்பவில்லை. ஏப்ரல் முதல் சனிக்கிழமை சாயங்காலம், வழக்கமாகச் சம்பளம் தரும் ஆறு மணிக்கு, முதலாளியே அவர் குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். மூன்று நிமிஷம் இருக்கும். கையில் இவ்வளவு பணம் இருக்கிறது, வர வேண்டியது இவ்வளவு, வருமா தெரியாது, இந்த வாரம் பாதிச் சம்பளம் போடுகிறேன், ஆபீஸ் ஆள்களுக்கு அதைவிடக் குறைச்சல், எனக்கு ஒன்றும் இல்லை, அடுத்த வாரம் முடியுமா என்று இப்போது தெரியாது, அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்குச் சொல்கிறேன். அவ்வளவுதான். நல்லதே நடக்கும், நாமெல்லாம் ஒரே குடும்பம், இந்த மாதிரி எதுவும் இல்லை.

அவர் அதில் உண்மையான தொகையைச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆள்களிடம் பேங்க் பேலன்ஸைச் சொல்கிற முதலாளியை நான் அதுவரை பார்த்ததில்லை. "இது வெளிய போனா நூல்காரன் வந்து உக்காந்துக்குவான்" என்றேன். "அவனுக்கு எப்பவோ தெரியும்" என்றார். ஆனால் நடந்தது இதுதான்: குரூப்பில் வதந்தி குறைந்தது. ஒரேயடியாக நிற்கவில்லை, குறைந்தது. புதன்கிழமை யாராவது ஏதாவது கேட்டால் இன்னொருவரே பதில் போட்டார், "சனிக்கிழமை சொல்லுவாங்க, இருங்க". ஒரு சனிக்கிழமை அவர் "இந்த வாரம் ஒண்ணும் முடியலைங்க, அரிசி பருப்பு மட்டும் வீட்டுக்கு வரும்" என்று சொன்னார். அன்றைக்குக் கூடத் திட்டு வரவில்லை. 2011-இல் எங்களுக்குக் கிடைக்காதது இந்தத் தேதிதான். நல்ல சேதிக்குத் தேதி சொல்ல யாராலும் முடியாது, அடுத்த சேதிக்குத் தேதி சொல்லலாம்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவில் மால்டன் மில்ஸ் நினைவுக்கு வரும். துணிக்காரர்களில் பலருக்குத் தெரிந்த கதை. போலார்டெக் என்ற ஃப்ளீஸ் துணியை உண்டாக்கிய மில், மாசசூசெட்ஸில் இருந்தது. 1995 டிசம்பர் 11-ஆம் தேதி ராத்திரி தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்துபோனது. முதலாளி ஆரன் ஃபாயர்ஸ்டைனுக்கு அப்போது எழுபது வயது. இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம், இல்லையென்றால் கூலி குறைவான நாட்டுக்கு மில்லைக் கொண்டுபோயிருக்கலாம். அவர் வேலை இல்லாமல் நின்ற ஆள்களுக்கு முப்பது நாள் முழுச் சம்பளம் என்று அறிவித்தார். முப்பது நாள் முடிந்ததும் இன்னொரு முப்பது. அப்புறம் இன்னொரு முப்பது. பத்திரிகைகள் கொண்டாடின, அமெரிக்க அதிபர் உரையாற்றும் சபைக்கே விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். மேடைகளில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டல் வாங்கிக்கொள்வார்கள். 2001-இல் அந்த மில் திவாலானதையும், கம்பெனி அவர் கையைவிட்டுப் போனதையும் சொல்ல மாட்டார்கள். சம்பளம் கொடுத்ததால் திவாலாகவில்லை, புது மில் கட்ட வாங்கிய கடனும் மலிவான போட்டித் துணியும்தான் பெரிய காரணம். என்றாலும் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நல்லது செய்தால் கம்பெனி பிழைக்கும் என்று நான் அக்கா பையனிடம் சொல்லவில்லை. பிழைக்கும் என்றும் சொல்ல முடியாது, பிழைக்காது என்றும் சொல்ல முடியாது. ஆனால் மூன்று முறை முப்பது முப்பது நாளாகச் சொன்னார் பாருங்கள், அதை நான் கவனிக்கிறேன். தன்னால் எது முடியுமோ அந்தத் தூரத்துக்கு மட்டும் வாக்குக் கொடுத்தார், கொடுத்ததைக் காப்பாற்றினார், அப்புறம் அடுத்ததைச் சொன்னார்.

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் நான் செய்த வேலையில் இன்றைக்கும் நிம்மதி தருவது ஒன்றே ஒன்று, அது பி.எஃப். வேலை. கொரோனாவுக்காகப் பி.எஃப்.பில் முன்பணம் எடுக்கலாம் என்று மார்ச் கடைசியில் அறிவித்தார்கள். கணக்கில் இருப்பதில் முக்கால் பங்கு, அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், இரண்டில் எது குறைவோ அது. திருப்பித் தர வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. விண்ணப்பம் போட்டால் ஒன்றுவிட்டு ஒன்று திரும்பி வருகிறது. காரணம் பெயர். ஒருவர் பெயர் லட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் வெறும் லட்சுமி. பி.எஃப்.பில் இனிஷியலோடு. பேங்க் பாஸ்புக்கில் வீட்டுக்காரர் பெயரைச் சேர்த்து. டெல்லியில் உட்கார்ந்து செய்த கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். பிறந்த தேதி இன்னும் மோசம், பாதிப் பேருக்கு ஜூன் மாதமோ ஜனவரி ஒன்றோ, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டது.

இதைத் திருத்த முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், அது ஒரு பென் டிரைவ் மாதிரி சின்ன சாமான், பூட்டிய ஆபீஸில் மேஜை டிராயருக்குள் கிடந்தது. பாஸ் வாங்கி, செக்போஸ்ட்டில் போலீஸிடம் பி.எஃப். என்றால் என்ன என்பதை விளக்கி, அதை எடுத்துவந்து வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். அக்கவுண்ட்ஸ் பையன் ஒருவன் போனில். தினமும் பத்துப் பன்னிரண்டு பேர். ஆதாரைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னால் பாதிப் படத்தில் கட்டைவிரல்தான் தெரியும். தொண்ணூறு பேருக்கு மேல் பணம் வாங்கிக் கொடுத்தோம். சிலருக்கு ஆறாயிரம், சிலருக்கு இருபதாயிரம். கம்பெனியின் காசு ஒரு பைசா இல்லை, அவர்களுடைய சொந்தப் பணம். ஆனால் அந்த மாதத்தில் நாங்கள் கொடுத்த பாதிச் சம்பளத்தைவிட அது பல வீடுகளில் பெரிசாக இருந்தது.

கூடவே ஒரு அசிங்கமும் வெளியே வந்தது. அயர்னிங், பேக்கிங் செக்‌ஷன்கள் காண்ட்ராக்டில் ஓடின. அந்த ஆள்களில் இருபது சொச்சம் பேருக்குப் பி.எஃப். பிடித்திருக்கிறார்கள், கட்டவில்லை. காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் கம்பெனிதான் பொறுப்பு என்பது சட்டம். மாதாமாதம் சலானைப் பார்த்துப் பில்லில் கையெழுத்துப் போட்டது நான். சலானில் இருந்த மொத்தத் தொகையை மட்டும் பார்த்தேன், உள்ளே எத்தனை பெயர் என்று எண்ணவில்லை. வேலை இல்லாமல் ஆள்களை நிறுத்தி வைக்கும் லே-ஆஃப் என்றால் சட்டப்படி பாதிச் சம்பளம் என்று பேசுகிறோமே, அதுவும் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பவர்களுக்குத்தான். நெருக்கடி வந்த பிறகு ஆள்களைத் தாங்குவது பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் தங்கள் ரோலில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஹாஸ்டலில் ஒடிசாவும் ஜார்க்கண்டும் சேர்ந்து அறுபத்து நான்கு பேர். முதல் வாரம் நாங்கள் சாம்பார் சாதம் சமைத்துப் போட்டோம், பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில். பாதி மிச்சமாகும். ஒடியா பேசத் தெரிந்த எங்கள் லைன் சூப்பர்வைசர்தான் சொன்னார், "சார், பொருளாக் குடுங்க, அவனுகளே பொங்கிக்குவானுக." ஆட்டா, உருளைக்கிழங்கு, வெங்காயம், கடுகெண்ணெய், இரண்டு அடுப்பு. செலவும் குறைந்தது, சத்தமும் குறைந்தது. அவர்கள் உட்கார்ந்து பொங்க ஆரம்பித்த பிறகு அந்தக் கட்டடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மே மாதம் வெளிமாநிலத் தொழிலாளிகளை ஊருக்குக் கொண்டுபோகும் ஷ்ராமிக் ரயில்கள் ஓடத் தொடங்கியதும் ஊரெங்கும் ஒரே பேச்சு, விடாதே, விட்டால் வர மாட்டான். சில இடங்களில் சம்பளப் பாக்கியைப் பிடித்து வைத்தார்கள். ஒரு கம்பெனியில் கேட்டையே பூட்டியதாகக் கேள்வி. எங்கள் முதலாளி பாக்கியைத் தீர்த்து, பஸ் வைத்து ஸ்டேஷன் வரை அனுப்பினார். "புடிச்சு வெச்சா இருக்கறவன் உடம்பு மட்டுந்தான் இங்க இருக்கும்" என்றார். எனக்கு அன்றைக்கு வயிற்றைக் கலக்கியது. செப்டம்பரில் ஆர்டர்கள் திரும்பிவந்தபோது, வீட்டிலேயே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்களுக்கு வீட்டில் போடும் துணி மட்டும் நிறைய வேண்டியிருந்தது, அந்த அறுபத்து நாலில் நாற்பத்தொன்று பேர் திரும்பி வந்தார்கள், ஒன்பது பேர் தம்பி, மச்சினன் என்று கூட்டிக்கொண்டும் வந்தார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் பெருமை. இப்போது மற்றது.

மே மாதம் பாதி ஆள்களோடு ஓட்டலாம் என்றதும் முதலாளி மாஸ்க் தைக்கலாம் என்றார். முதலில் பி.பி.இ. கவச உடைதான் அவர் ஆசை. அதைக் கோவையில் துணியைச் சோதிக்கும் ஆராய்ச்சி நிலையமான சிட்ராவுக்குக் கொண்டுபோனால் செயற்கை ரத்தத்தைப் பாய்ச்சி, உள்ளே இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். தையல் ஓட்டை வழியாக இறங்கும். அதை அடைக்கச் சூடான காற்றில் டேப் ஒட்டும் மெஷின் வேண்டும், அது அப்போது காசு கொடுத்தாலும் கிடைக்காது. சரி, மாஸ்க்கே போதும் என்று மீந்து கிடந்த காட்டன் துணியை மூன்று அடுக்காக வெட்டினோம். டெய்லர்கள் பாதிப் பேர் ஊரில். அப்போது செக்‌ஷனில் சும்மா நின்றவர்கள் கைமடிப் பெண்கள்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கைமடி என்றால் டெய்லர் பக்கத்தில் நின்று பீஸை எடுத்துக் கொடுத்து, மடித்து, நூல் பிசிறு வெட்டி, கட்டுக் கட்டிக் கொடுப்பவர். பதினைந்து வருஷம் கைமடியாகவே நின்ற அக்காக்கள் உண்டு. மெஷினில் உட்கார யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், டெய்லருக்கு நேரம் இல்லை, சூப்பர்வைசருக்கு பீஸ் போக வேண்டும். எங்கள் கம்பெனிச் சுவரில் ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று ஓர் அட்டவணை தொங்கும், யாருக்கு எந்த மெஷின் தெரியும் என்று பச்சை, மஞ்சள் கட்டமாக, ஆடிட்டுக்கு வருகிறவர்கள் படம் எடுப்பதற்காக. அதை முதல்முறையாகக் கழற்றி மேஜையில் வைத்துப் பார்த்தது அந்த மே மாதம்தான்.

பதினோரு பெண்களைத் தேர்ந்தோம். ஆர்டர் நெருக்கடி இல்லை, யாரும் கத்தப் போவதில்லை, ஒரு பீஸ் கெட்டால் கெடட்டும். ஒரு வயதான டெய்லர், கண் மங்கியதால் கொஞ்சம் மெதுவாகிவிட்டவர், அவரிடம் விட்டோம். அவர் முதல் நாள் நூலே கோர்க்க விடவில்லை. காகிதத்தில் கோடு போட்டு, வெறும் ஊசியை அந்தக் கோட்டில் ஓட்டச் சொன்னார். பெடலில் காலை வைத்ததும் மெஷின் பாய்ந்ததில் ஒரு அக்கா எழுந்து ஓடியே போய்விட்டார், எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். ஒரு வாரத்தில் நேர்கோடு. இரண்டாவது வாரம் மாஸ்க் மடிப்பு. ஜூலையில் மாஸ்க் விலை சரிந்தபோது சிங்கர் மெஷினிலிருந்து ஓவர்லாக்குக்கு மாற்றினோம், நான்கு பேர் பிளாட்லாக்கும் பழகினார்கள். நான் அதுவரை அந்தக் கம்பெனியில் கழித்த நாள்களில் காலையில் சந்தோஷமாகப் போன நாள்கள் அவை. நாடே மூடிக் கிடக்கிறது, எங்கள் செக்‌ஷனில் பள்ளிக்கூடம் நடக்கிறது.

செப்டம்பரில் ஆர்டர் வந்தது. பதினோரு பேரும் லைனில் உட்கார்ந்தார்கள். சம்பளம் கைமடிச் சம்பளம்.

டெய்லருக்கும் கைமடிக்கும் ஒரு ஷிப்டுக்கு நூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். "இன்னும் ஸ்பீடு வரலை, தீபாவளி கழியட்டும்" என்று நான்தான் முதலாளிக்குச் சொன்னேன். ஸ்பீடு வரவில்லை என்பது உண்மை. முக்கால் பங்கு ஸ்பீடு வந்திருந்தது என்பதும் உண்மை. முக்கால் பங்கு வித்தியாசத்தையாவது கொடுத்திருக்கலாம், அந்தக் கணக்கு எனக்கு அப்போது தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. கம்பெனி அப்போதுதான் மூச்சு விட ஆரம்பித்திருந்தது, கொரோனாவுக்காக மத்திய அரசின் உத்தரவாதத்தில், ஏற்கெனவே இருந்த கடனில் 20 சதவீதம் கூடுதலாக, அடமானம் இல்லாமல் பேங்க் கொடுத்த அவசரக் கடனை வாங்கித்தான் ஜூலைச் சம்பளத்தையே ஓட்டினோம், பதினோரு பேருக்கு ஏற்றினால் மற்ற கைமடிகள் கேட்பார்கள், இப்படி எனக்குள் ஏழெட்டுக் காரணம். தீபாவளி கழிந்தது. பொங்கலும் கழிந்தது.

தை மாதம் அந்தப் பதினோரு பேரில் ஏழு பேர் ஒரே வாரத்தில் வேலையிலிருந்து நின்றார்கள். பக்கத்துத் தெருவில் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு பவர் டேபிள் யூனிட், பீஸ் ரேட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள். முதலாளிக்குக் கோபம். "சொல்லிக் குடுத்தது நாம, தைக்கறது அவனுக்கா?" நான் போய்ப் பேசினேன். முதல் நாள் மெஷினை விட்டு எழுந்து ஓடிய அந்த அக்காதான் பதில் சொன்னார், கோபமே இல்லாமல், சோறு போட்டுக்கொண்டே பேசுகிற மாதிரி.

"மெஷின்ல உக்கார வெச்சீங்க சார், நாங்க மறக்கமாட்டோம். சம்பளம் குடுக்கறப்ப மட்டும் எந்திரிச்சு நிக்கச் சொன்னீங்களே."

இதற்கு நான் என்ன சொல்ல? ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நெருக்கடி காலத்தில் ஆள்களை வளர்ப்பது என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள், கூட்டம் போட்டு, ஸ்லைடு போட்டு. வேலை இல்லாத நேரம் கற்றுக்கொடுக்க நல்ல நேரம்தான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கற்ற வேலைக்கு என்ன கூலி, எந்தத் தேதியிலிருந்து என்று முதல் நாளே சொல்லாவிட்டால் அது கம்பெனிக்கு மலிவாக ஆள் பிடிக்கும் வழி, வேறொன்றும் இல்லை. எங்கள் முதலாளி ஏப்ரலில் தன் பேங்க் பேலன்ஸைச் சொல்லத் துணிந்தவர். நான் செப்டம்பரில் ஒரு தேதியைச் சொல்லத் துணியவில்லை. சனிக்கிழமை சொல்கிறேன் என்ற பாடத்தைக் கஷ்டம் இருந்தபோது மட்டும் பின்பற்றினோம், கொஞ்சம் நல்ல காலம் வந்ததும் "பொறுங்க, பாக்கலாம்" என்ற சாயப்பட்டறைப் பேச்சுக்கே திரும்பிவிட்டேன்.

மீதி நாலு பேருக்கு அடுத்த சனிக்கிழமையிலிருந்து டெய்லர் ரேட் போட்டோம். 2021 மே மாதம் இரண்டாவது அலையில் மறுபடி பூட்டியபோது முதலாளி மறுபடி வாய்ஸ் மெசேஜ் போட்டார், இந்த முறை அதை ஒடியாவிலும் ஒருவரைப் பேச வைத்து அனுப்பினோம். அடுத்த வருஷம் பஞ்சு ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டு நூல் விலை ஏறியபோதும் அதே சனிக்கிழமைப் பேச்சு, இந்தத் தடவை கட்டிங் டேபிள் பக்கத்தில் நின்று. ஷிப்டைக் குறைத்தோம், ஓவர்டைமோடு ஓடிய ஒன்றரை ஷிப்ட் நின்றது, ஆளை நிறுத்தவில்லை.

அக்கா பையனுக்குப் போனில் நான் சொன்னதெல்லாம் சனிக்கிழமைக் கதையும் பி.எஃப். கதையும்தான். கைமடிக் கதையைச் சொல்லவில்லை. நேற்று அவனே மறுபடி கூப்பிட்டான். ஆளை அனுப்பவில்லையாம், வாரம் நாலு நாள் ஓட்டுகிறானாம், மீதி இரண்டு நாள் கைமடிப் பெண்களுக்கும் செக்கிங் பெண்களுக்கும் மெஷின் பழக்கப் போகிறானாம். நோட்டீஸ் போர்டில் ஒட்டியதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். நல்ல கையெழுத்து. பதினாறு பேர் பெயர், யாருக்கு எந்த மெஷின், யார் சொல்லிக் கொடுப்பது, எல்லாம் இருந்தது.

"ரேட் எங்கடா?" என்றேன்.

"பழகட்டுமுங்க மாமா, அப்புறம் பாத்துக்கலாம்."

இந்தக் கட்டுரையின் லிங்கை அவனுக்கு அனுப்புகிறேன். இன்றைக்கு வியாழக்கிழமை.